எதிலும் உட்காராத மூட்டைகள்

தனசேகரின் காலடியில் மட்டும் மூட்டை இல்லை. வரிசையில் நின்ற மற்ற பதினோரு பேருக்கும் கடைசிச் சுற்று மூட்டை வந்துவிட்டது. அவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான்.

“எனக்கு?” என்றான்.

மூட்டை தூக்கியவர்கள் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். மூட்டைகளை அட்டியாக அடுக்கியிருந்த இடத்தில் தரைதான் இருந்தது. ஈரமான ஒரு கட்டம், அதில் கொஞ்சம் உப்புப் பொடி. வேறு ஒன்றும் இல்லை.

சுனாமி அலை வந்த நாளைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். இது அதற்கு இரண்டு மாதம் பிந்தி நடந்தது. மரக்காணத்து உப்பளங்களில் அப்போது பாதிக்கு மேல் சேறு. வரப்பு கரைந்து, பாத்தி எது நடக்கிற வழி எது என்று தெரியாமல் கிடந்தது. புது உப்பு எடுக்க வழியில்லை. கீற்று போட்டு மூடி வைத்திருந்த பழைய உப்புக் குவியல், அம்பாரம் என்போம், ஒன்று மட்டும் நின்றது. அதுவும் அடிப்பக்கம் கரைந்து, மேலே கறுப்பாகச் சேறு ஒட்டியிருந்தது. பார்த்தால் உப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முதலாளி வந்து பார்த்தார். அம்பாரத்தில் ஒரு கை எடுத்து வாயில் போட்டுத் துப்பினார். இதை நான் ஒன்றும் பண்ண முடியாது, கறுப்பைச் சீவிப் போட்டுவிட்டு நல்லது எவ்வளவு தேறுகிறதோ நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள், இந்த வருஷம் என்னிடம் வேறு எதுவும் எதிர்பார்க்காதீர்கள் என்று சொன்னார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் போய்விட்டது.

நாங்கள் பன்னிரண்டு வீடு, ஒரே செட்டு. மேஸ்திரி ஏழுமலை. அம்பாரத்தைச் சீவி, அள்ளி, அளத்துத் தண்ணீரிலேயே அலசி, உலர்த்தி, மூட்டை கட்டினோம். அந்த வேலை இழுத்துக்கொண்டே போனது. கை விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாது.

எண்ணாமல் அள்ளுவது

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். உப்பு அள்ளும்போது எண்ணக் கூடாது. எண்ணினால் குறையும் என்பார்கள். எத்தனை கூடை, எத்தனை மூட்டை என்று யாரும் கேட்கமாட்டார்கள். பழக்கம் தெரியாமல் யாராவது கேட்டால் “நெறைய இருக்குது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

பங்கு போடும் அன்றைக்கும் எண்ணுவதில்லை. வீட்டுக்கு ஒருவராக வரிசையில் நிற்போம். மற்றவர்கள் மூட்டையைத் தூக்கி வந்து முதல் ஆளின் காலடியில் ஒன்று, அடுத்த ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போவார்கள். கடைசி ஆள் வரை போய்விட்டால் மறுபடி முதல் ஆள். மூட்டை தீருகிற வரைக்கும் சுற்று. இதில் கூட்டல் கழித்தல் கிடையாது. பள்ளிக்கூடம் போனவனும் போகாதவனும் ஒன்றுதான். கண்ணால் பார்த்தால் போதும்.

அன்றைக்கு அப்படித்தான் வைத்துக்கொண்டு போனோம். கடைசிச் சுற்றில் ஒன்று குறைந்தது.

தனசேகர் நாக்கு நீளமானவன். வரிசையில் கடைசியாக நின்றது அவன் விதி. வேறு யாராவது நின்றிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று சில சமயம் நினைப்பேன். போயிருக்கும்.

ஏழுமலை ஒரு காரியம் செய்தார். வழக்கத்தை மீறி, மூட்டைகளை எண்ணச் சொன்னார். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் நானூற்றுப் பத்தொன்பது வந்தது.

பிறகு அடுக்கிப் பார்க்கச் சொன்னார். அடுக்குவதில் அவர் கெட்டிக்காரர். இரண்டு இரண்டாகப் போட்டால் கடைசி ஜோடியில் ஒன்று குறைந்தது. மூன்று மூன்றாகப் போட்டாலும் கடைசியில் ஒன்று குறைந்தது. நாலு நாலாகவும் அப்படியே. ஐந்து, ஆறு, ஏழு. எல்லாவற்றிலும் கடைசி வரிசையில் ஒரே ஒரு மூட்டைக்கு இடம் காலி.

வெயில் ஏறிவிட்டது. யாரும் தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை.

“பாத்தீங்களா. எதுல போட்டாலும் ஒண்ணு குறையுது,” என்றார் ஏழுமலை. “இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?”

எல்லோரும் மேரியைப் பார்த்தார்கள்.

மேரி

மேரி பக்கத்து அனுமந்தை ஊர்க்காரி. எங்கள் செட்டில் அவள் புருஷன் இருந்தான். அவன் இறந்துபோன பிறகு அந்தப் பங்கில் அவள் வந்தாள். யாருக்கும் சளைக்காமல் கூடை சுமப்பாள். அலை வந்த அன்றைக்கு வரப்பில் ஓடும்போது விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. கட்டுப் போட்டார்கள். கால் சரியாகக் கூடவில்லை. நடப்பாள், சுமக்க முடியாது.

அம்பாரத்தை அள்ள ஆரம்பித்தபோது மேரியை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. ஏழுமலைதான் முடித்து வைத்தார். உட்கார்ந்த இடத்தில் மூட்டை வாய் தைக்கட்டும், நாம் சாப்பிடப் போகிற நேரம் காவலும் இருக்கட்டும், பங்கு பங்குதான் என்றார். தனசேகர் முணுமுணுத்தான். ஆனாலும் மேஸ்திரி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

அதனால்தான் ஏழுமலைக்கு அவ்வளவு கோபம். நான் இடம் கொடுத்தேன், நீ எனக்கே இப்படிச் செய்தாயா என்கிற கோபம். அவர் கத்தவில்லை. முகம்தான் மாறிவிட்டது.

நீதானே எல்லா மூட்டையும் தைத்தாய், எத்தனை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

“எண்ணக் கூடாதுன்னீங்க. எண்ணல,” என்றாள் மேரி.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றுவோம், வந்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிடு, அதோடு முடிந்தது என்றார் ஏழுமலை. அது உனக்கு ஒத்துவராது என்றால் உங்கள் மாதா கோயிலிலேயே பண்ணு, நாங்கள் வந்து நிற்கிறோம் என்றார். பண்ணாவிட்டால் பங்கும் கிடையாது, செட்டிலும் இடம் கிடையாது.

மேரி சாக்கு ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்தி வைத்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

“அங்கயும் பண்ண மாட்டேன், இங்கயும் பண்ண மாட்டேன். பன்னெண்டு வீடும் வந்து பண்ணட்டும். கடசியா நான் பண்றேன்.”

போய்விட்டாள்.

கால் போன பெண்ணை வேறு எந்தச் செட்டும் சேர்க்காது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அளத்து வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. திருடி என்று பேர் வேறு சேர்ந்துவிட்டால் அனுமந்தையிலும் தலைகாட்ட முடியாது.

ஏழுமலை ஏன் அப்படி நினைத்தார்

இதைப் பற்றி நான் பிற்பாடு நிறைய யோசித்தேன். ஏழுமலை கெட்டவர் இல்லை. முட்டாளும் இல்லை.

அவர் ஆயுசில் அடுக்கின மூட்டையெல்லாம் வியாபாரி லாரிக்கு அடுக்கின மூட்டை. வியாபாரி எப்போதும் நூறு, இருநூறு என்றுதான் கேட்பான். நாங்கள் எண்ணாவிட்டாலும் முதலாளியின் ஆள் எண்ணிக்கொண்டு நிற்பான், அந்தக் கணக்குக்குத்தான் கட்டுவோம். அது எப்படி அடுக்கினாலும் ஏதாவது ஒரு வரிசையில் சரியாக உட்கார்ந்துவிடும். வருஷக் கடைசியில் முதலாளி செட்டுக்குக் கொடுக்கிற வீட்டு உப்பும் அப்படித்தான். எங்களை எண்ணி, அதற்குத் தகுந்த மாதிரிதான் கொடுப்பார்.

அதாவது, அவர் கண்டதெல்லாம் யாரோ முன்கூட்டியே எண்ணி வைத்தது. அப்படிப்பட்ட அட்டி உட்காராவிட்டால் அதிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அது அவருக்கு அனுபவம்.

யாருமே எண்ணாமல் அள்ளிக் கட்டின மூட்டையை அவர் அப்போதுதான் முதல் தடவையாக அடுக்கினார். எங்களுக்கும் அதுதான் முதல் தடவை.

இது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். அன்றைக்கு நானும் ஒன்று குறைகிறது என்றுதான் நினைத்தேன். மேரி எடுத்திருப்பாள் என்று மட்டும் நினைக்க முடியவில்லை. அதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

கூனிமேட்டு டீக்கடை

மறுநாள் சணல் வாங்க ஏழுமலையும் நானும் கூனிமேடு போனோம். ஈ.சி.ஆர். ரோட்டு ஓரத்தில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். பேப்பரை உரக்கப் படிப்பார். கேட்கிறார்களா இல்லையா என்று பார்க்கமாட்டார். அலைக்குப் பிறகு பேப்பரில் வருவதெல்லாம் நிவாரணம், கணக்கெடுப்பு என்று இருந்தது. அன்றைக்கு அதையெல்லாம் தாண்டி உள்பக்கத்தில் ஏதோ சின்னச் செய்தியைப் பிடித்துக்கொண்டார்.

வெளிநாட்டில் ஒருத்தர் கம்ப்யூட்டரை ஓட விட்டு ஓர் எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று படித்தார். அந்த எண்ணில் மொத்தம் எழுபத்தெட்டு லட்சம் இலக்கம். அதை ஒன்றாலும் அந்த எண்ணாலும்தான் வகுக்கலாம். வேறு எதால் வகுத்தாலும் மீதி நிற்கும். அதற்குப் பகா எண் என்று பேர்.

“எழுபத்தெட்டு லட்சம் ரூபாயா பாய்?” என்றான் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன்.

“ரூபா இல்லப்பா. இலக்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு போடறோமே, அது எழுபத்தெட்டு லட்சம் தடவ. ஒரு இலக்கத்துக்கு ஒரு வெரலு எடம்னு வெச்சா, இங்க இருந்து எழுத ஆரம்பிச்சா மெட்ராஸத் தாண்டி நிக்கும் போலருக்குது.”

பகா எண். நான் அந்த வார்த்தையை ஐந்தாவதில் கேட்டிருக்கிறேன். அதோடு என் படிப்பு நின்றது. வாத்தியார் கரும்பலகையில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று எழுதி வட்டம் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எதற்கு வட்டம் போட்டார் என்பது ஞாபகம் இல்லை.

ஏழுமலை கேட்டார், இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சொல்லுவார்கள் என்று. பாய் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும். வந்ததை மறுபடி இரண்டால் பெருக்க வேண்டும். இப்படி இரண்டரைக் கோடி தடவைக்கு மேல். கடைசியில் வந்ததிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

ஏழுமலை டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஒண்ணக் கழிக்கணுமா?”

“அப்படித்தான் போட்டிருக்குது.”

“கேட்டியா வேலு,” என்று என் பக்கம் திரும்பினார். “ஒண்ண எடுத்தாதான் எதுலயும் உக்காராம போவுது. பேப்பர்லயே போட்டுட்டான்.”

அவர் சொன்னது சரி மாதிரி இருந்தது. எங்கள் நானூற்றுப் பத்தொன்பதும் நானூற்று இருபதில் ஒன்று குறைந்ததுதான். நானூற்று இருபது இருந்திருந்தால் வீட்டுக்கு முப்பத்தைந்து என்று சொட்டை இல்லாமல் போயிருக்கும்.

இதைத் தேடிக் கண்டுபிடித்து அந்த ஆளுக்கு என்ன லாபம் என்று டீ குடித்தவன் கேட்டான். பாய் பேப்பரை மடித்தார். “ஒரு லாபமும் இல்ல. இருக்குதான்னு பாக்கறான். இதவிடப் பெருசும் இருக்குமாம். முடிவே கெடையாதாம்.”

திரும்பி வரும்போது சைக்கிளில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பார்க்காத ஒன்றை, இருக்கிறது, அதற்கு முடிவும் இல்லை என்று எப்படிச் சொல்லமுடியும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அது எனக்குத் தெரியாது. அந்த வருஷக் கடைசியில் அதைவிடப் பெரிய எண் ஒன்று கிடைத்துவிட்டது என்று பாயே சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ சொந்தக்காரர் வீட்டில் நல்லது நடந்த மாதிரி.

கிளிஞ்சல்

அலை கொண்டுவந்து போட்ட கிளிஞ்சல் கால்வாய்க் கரை பூரா கிடந்தது. மத்தியானம் வேலை இல்லை. ஒரு கூடை பொறுக்கினேன். வரப்பு மேல் உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அலையில் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அப்படிச் சில பேர் இருந்தார்கள் அப்போது.

முதலில் பாய் படித்ததைச் செய்தேன். நாலில் ஒன்று எடுத்தால் மூன்று. அது எதிலும் உட்காராது. எட்டில் ஒன்று எடுத்தால் ஏழு. அதுவும் உட்காராது. ஏழுமலை சொன்னது சரிதான் போல என்று மனசு சோர்ந்துவிட்டது.

பதினாறில் ஒன்றை எடுத்தேன். பதினைந்து. மூன்று மூன்றாக வைத்தேன். ஐந்து வரிசை, ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. அச்சாக உட்கார்ந்துவிட்டது.

திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒன்றை என் கையால்தான் எடுத்தேன். எடுத்த கிளிஞ்சல் என் மடியில் இருக்கிறது. ஆனால் வரிசை ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் திருடினவன் இருந்தும் வரிசை சரியாக இருக்கலாம். திருடாமலே வரிசை கோணலாகவும் இருக்கலாம். வரிசைக்கும் திருட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு நானூற்றுப் பத்தொன்பது கிளிஞ்சலை எண்ணித் தனியாக வைத்தேன். வெள்ளை வெயில், கண் கூசியது. எட்டு எட்டாகப் போட்டேன், ஒன்பதாகப் போட்டேன். அவற்றில் ஒன்று குறையவில்லை. மூன்று மிஞ்சியது, ஐந்து மிஞ்சியது. பதினொன்று, பதின்மூன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். எதிலும் உட்காரவில்லை.

இருபது வரைக்கும் வந்தபோது நிறுத்திவிட்டேன். அதற்குக் காரணம் அசதி இல்லை. எதிரே ஒரு பாத்தி இருந்தது. இந்த வரப்பில் நின்று பார்த்தால் நீளம், அந்த வரப்பில் நின்று பார்த்தால் அதுவே அகலம். பாத்தி ஒன்றுதான். இருபத்தொரு வரிசை, வரிசைக்கு இருபத்தொன்று என்று வைக்க நானூற்று நாற்பத்தொரு கிளிஞ்சல் வேண்டும், என்னிடம் அவ்வளவு இல்லை. அதனால் வரிசைக்கு இருபதுக்கு மேல் வைத்துச் சரியாக வருவதாக இருந்தால் வரிசைகள் இருபதுக்குள்தான் இருக்கும். அதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏற்கெனவே வைத்துப் பார்த்த கட்டம்தான். புதிதாக ஒன்றும் கிடைக்காது. தேட வேண்டிய இடம் முடிந்துவிட்டது.

நானூற்றுப் பத்தொன்பது ஒன்று குறைந்த எண் என்றுதான் எல்லோரும் பார்த்தோம். அது எதிலிருந்தும் குறைந்தது இல்லை. அதுவே ஒரு முழுசு. அதை யாராலும் சமமாகக் கூறு போட முடியாது. நாங்கள் பன்னிரண்டு வீடாகப் போனதும், அதற்குப் பக்கத்தில் நானூற்று இருபது என்று ஓர் இணக்கமான எண் இருந்ததும் மேரியின் கெட்ட நேரம். அவ்வளவுதான்.

ஆனால் இதை எப்படிச் சொல்வது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நானூற்றுப் பத்தொன்பது எதிலும் உட்காராது என்று போய்ச் சொன்னால், அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்பார் ஏழுமலை.

கிளிஞ்சலை அள்ளிக் கூடையில் போடும்போதுதான் தோன்றியது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் பதினோரு பேர் ஆகிவிடுவோம். பதினொன்றாகப் போட்டபோது என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன்.

கூடையை மறுபடி கவிழ்த்தேன்.

வெள்ளிக்கிழமை

கோயில் முன்னால் தட்டில் கற்பூரம் வைத்திருந்தார்கள். இன்னும் ஏற்றவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். மேரி வரமாட்டாள் என்று தனசேகர் பந்தயம் கட்டுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான். வந்தாள். ஒரு கம்பு ஊன்றிக்கொண்டு, மெதுவாக. தனியாகத்தான் வந்தாள்.

என்ன முடிவு என்று ஏழுமலை கேட்டார்.

“எங்கம்மாவுக்கு நாங்க அஞ்சு புள்ளைங்க மேஸ்திரி,” என்றாள். “ரெண்டு ரெண்டா உக்காந்து சாப்ட்டா ஒரு ஆளு குறையும். மூணு மூணா உக்காந்தாலும் ஒரு ஆளு குறையும். எங்கம்மா ஒண்ண எங்கனா வுட்டுட்டு வந்துட்டாங்கன்னு யாரும் கேக்கல.”

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

“மூட்டையும் புள்ளையும் ஒண்ணா, அக்கா?” என்றான் தனசேகர். “புள்ள அதுவா வர்றது. மூட்ட நாம கட்னது.”

“எண்ணியா கட்னோம்?” என்றாள் மேரி.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு தட்டையே பார்த்தார். அவருக்கு மனசுக்குள் என்ன ஓடியது என்று தெரியாது. கற்பூரத்தை ஏற்றச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் கூடையைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

மூட்டைக்கு ஒரு கிளிஞ்சல், நானூற்றுப் பத்தொன்பது இருக்கிறது, சந்தேகம் இருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். மேரியை நிறுத்திவிட்டால் நாம் பதினோரு வீடு. பங்கு எப்படி வருகிறது என்று இப்போதே பார்த்துவிடலாம் என்றேன்.

யாரும் எண்ணவில்லை. ஆனால் வரிசையில் வந்து நின்றார்கள். எங்கள் செட்டில் பங்கு என்றால் கால் தானாகப் போய் வரிசையில் நின்றுவிடும். என் இடத்தில் என் சம்சாரம் நின்றாள். தனசேகர் இந்தத் தடவை முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டான்.

காலடியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனேன். கடைசி ஆள் வந்ததும் திரும்ப முதல் ஆள். சுற்றிச் சுற்றி வந்தேன். முதுகு வலித்தது. மேரி மட்டும் வரிசைக்கு வெளியே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசிச் சுற்று முடிந்தது. எல்லோருக்கும் சமமாகப் போய்விட்டது. கூடையைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் ஒன்று இருந்தது.

“பன்னெண்டு பேர்னா ஒண்ணு குறையுது,” என்றேன். “பதினோரு பேர்னா ஒண்ணு மிஞ்சுது. குறைஞ்சத மேரி எடுத்தாள்னா, மிஞ்சினத யாரு கொண்டாந்து வெச்சது?”

என் ஆயுசில் நான் கூட்டத்தில் பேசின பெரிய பேச்சு அதுதான்.

ஏழுமலை கூடையிலிருந்து அந்தக் கிளிஞ்சலை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதைத் திருப்பிப் பார்த்தார். கிளிஞ்சலில் என்ன இருக்கும்.

“இது இன்னாதான் நம்பர்டா,” என்றான் தனசேகர், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

“பாய் பேப்பர்ல படிச்சார்ல, அது மாதிரி ஒண்ணு,” என்றேன். “சின்னது.”

ஏழுமலை கிளிஞ்சலைக் கூடையிலேயே போட்டார். பிறகு பூசாரியிடம், “கற்பூரத்த உள்ள எடுத்து வைங்க,” என்றார்.

சீட்டு

பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு என்று முடிவாகிவிட்டது. ஆனால் மூட்டை நானூற்றுப் பத்தொன்பதுதான். யாரோ ஒரு வீட்டுக்கு முப்பத்து நாலு. மற்ற வீடுகளுக்கு முப்பத்தைந்து. அது யார் என்பதை யாரும் வாயால் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடி சண்டை.

சீட்டு எடுக்கலாம் என்றார் ஏழுமலை. அங்கேயே பன்னிரண்டு கிளிஞ்சல் எடுத்தார்கள். ஒன்றின் உள்பக்கம் கரியால் தடவினார்கள். செம்பில் போட்டுக் குலுக்கினார்கள். வீட்டுக்கு ஒருவராக வந்து கண்ணை மூடிக் கையை விட வேண்டும்.

தனசேகர் எடுத்தான். வெள்ளை. அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் எடுத்தேன். வெள்ளை. ஏழுமலை எடுத்தார். வெள்ளை. இன்னும் இரண்டு மூன்று பேர் எடுத்தார்கள்.

மேரி வந்தாள். கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை விட்டாள். எடுத்ததைத் தானே முதலில் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையை விரித்தாள்.

கறுப்பு.

பக்கத்தில் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மீதி இருந்தவர்கள் சீட்டு எடுக்க வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

கிளிஞ்சல், கணக்கு எல்லாம் வீணாகப் போய்விட்டது என்று நினைத்தேன். கற்பூரத்தில் வராத தீர்ப்பு சீட்டில் வந்துவிட்டது என்றுதான் ஊர் பேசும்.

மேரி ஏழுமலையைப் பார்த்தாள்.

“சீட்டுல வந்துச்சு, எடுத்துக்கறேன்,” என்றாள். “நீங்க சொல்லி வந்திருந்தா எடுத்திருக்க மாட்டேன்.”

தனசேகர் மெல்லப் பக்கத்து ஆளிடம் சாய்ந்தான். “அம்மன் காட்டிட்டா பாத்தியா,” என்றான். மெல்லச் சொன்னதாக அவன் நினைப்பு. எல்லோருக்கும் கேட்டது.

ஏழுமலை திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

“யாருக்காவது ஒருத்தருக்கு வந்துதான்டா ஆவணும்,” என்றார்.

மேரியிடம் அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் வண்டி வந்து மூட்டைகள் போய்விட்டன.

திங்கட்கிழமை வரப்பு கட்ட ஆரம்பித்தோம். பன்னிரண்டு வீடும் வந்தது. கரைந்துபோன வரப்பு எங்கே இருந்தது என்று கயிறு பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சேற்றோரம் உட்கார்ந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை சேற்றுக்குள் இறங்கி நடந்தார். கயிறு தொய்வில்லாமல் நின்றது.